ஒரே அடுப்பு

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்து மட்டம் பார்க்கும், நடுவில் குமிழி ஓடுகிற கட்டையின் பெயர் அது. வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில் யாரோ வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. சுவர் நேராக எழுப்புவார் என்பதால் வந்த பெயர் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். மனைவி சொன்ன காரணம் வேறு. "அந்தக் குமிழி இருக்கே, இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது. நடுவுல நின்னு முழிக்கும். இவரும் அப்படித்தான்."

மீசை முளைக்காத வயதில், அப்பா போன பிறகு, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்த நகரத்துக்கு வந்தார். கலவைச் சட்டி தூக்கினார். கரணை பிடிக்கக் கற்றார். மூவரும் கால்வாய்க் கரையில் ஒரு துண்டு இடம் பிடித்து நாலு தகரம் நிறுத்தினார்கள். கால்வாயில் நாற்றம் இருந்தது. கேட்க ஆள் இல்லை. வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சிய செங்கல் வந்து வந்து, தகரம் சுவரானது. மின்சாரம் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தெருவுக்குப் பெயர்கூட வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு வரி கட்டச் சொன்னார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. வரி வாங்குகிறவன் வீட்டை இடிக்க மாட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

நகரம் பெருக்கப் பெருக்க அவர் வேலைக்குப் போகும் தூரமும் பெருத்தது. முதலில் நடந்து போனார், பிறகு சைக்கிள், பிறகு பஸ். ஒருமுறை ஏரிக்குள்ளேயே வேலை. அடுக்கடுக்காகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வாசலில், ஏரியைப் பார்த்த வீடுகள் என்று பெரிய பலகை. ஏரி எங்கே என்று கேட்ட சித்தாளிடம் மேஸ்திரி சொன்னார்: "நீ அதுமேலதான் நிக்கிற."

அந்தக் கட்டடங்களுக்கு ரசமட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் பூச்சு வேலை பார்த்தார். தம்பிக்கு அந்த வருமானத்தில்தான் கல்யாணம் நடந்தது.

தம்பி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். தெருமுனையில் ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு காற்றடிக்கும் இயந்திரம், ஒரு பெஞ்சு. அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை. இரண்டு மருமகள்களும் அம்மா இருந்தவரை வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அம்மா போன மாதமே திறந்துவிட்டார்கள்.

பாலில் ஆரம்பித்தது. பெரியவள் தன் பெண்களுக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தில் தண்ணீர் கலந்து என் பிள்ளைகளுக்குத் தருகிறாள் என்றாள் சின்னவள். யார் வீட்டுப் பால் என்றாள் பெரியவள். பேச்சு பாலிலிருந்து பிறந்த வீட்டுக்குப் போனது. அங்கே போன பேச்சு திரும்பி வருவதில்லை. கடைசியில் சின்னவள், "மாமா, நீங்க ஊருக்கெல்லாம் சுவர் கட்டுறீங்க, இங்க ஒண்ணு கட்டுங்க," என்றாள். பெரியவளும் அதையேதான் நினைத்திருந்தாள். தான் முந்திக்கொள்ளவில்லையே என்றுதான் அவளுக்கு வருத்தம்.

ஒரு விடுமுறை நாளில் கட்டினார். வீட்டின் நடுவே, வாசலிலிருந்து பின்கட்டுவரை, ஒற்றைக்கல் சுவர். இரண்டு பக்கமும் இரண்டு பெண்களும் மேற்பார்வைக்கு நின்றார்கள்.

"மாமா, ஒரு விரல் எங்க பக்கம் வருதே."

"என்னங்க, அவ பக்கம் பூசும்போது மட்டும் கலவை தாராளமா போகுதே."

தம்பி செங்கல்லை நனைத்து நனைத்து எடுத்துக் கொடுத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர் கூரைத் தகரத்தைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்னாலேயே ரசமட்டம் நிறுத்திவிட்டார். காற்றோட்டத்துக்கு என்றார். அந்தப் பக்கம் தம்பி இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். உண்மையான காரணம் அதுதான். ஆனால் அந்த இடைவெளி வழியாகச் சண்டையும் தாராளமாகப் போய் வந்தது. தெரு முழுக்கக் கேட்டது. சத்தமில்லாத நாளில் எதிர்வீட்டுப் பூட்டு ரிப்பேர்க்காரர் வாசலில் வந்து, "என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், ஏரியில் தங்கியிருக்க வேண்டிய தண்ணீர் தங்க இடமில்லாமல் கால்வாய்க்கு வந்தது. கால்வாயிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்தது. மார்பளவு. குழந்தைகளைத் தகரத்தின்மேல் ஏற்றி உட்கார வைத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அரசாங்கத்தில் குழு அமைத்தார்கள். வெள்ளத்துக்குக் காரணம் கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பு என்று குழு கண்டுபிடித்தது. ஏரிக்குள் இருந்த வீடுகளுக்குப் பத்திரம் இருந்தது. கரையில் இருந்தவற்றுக்கு இல்லை.

கரையைக் காலி செய்துவிட்டு, நகரத்துக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்கு வீடுகளில் இடம் தருவார்கள். அதற்குக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று வார்டுக்காரர் வந்து சொன்னார். எந்த அடிப்படையில் தருவார்கள் என்று அவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆளாளுக்கு ஏமாற்றுவார்கள் என்று மேலே ரகசியமாக வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நடந்ததை ரசமட்டம் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தார். யார் முதலில் சொன்னது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சின்னவள் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள் என்றுதான் ஞாபகம்.

"அக்கா, நாளைக்கு யார் யாரோ உள்ள வந்து பார்ப்பாங்களாமே."

சுவர் கட்டிய பிறகு அவள் அக்கா என்றது அதுதான் முதல் தடவை. பெரியவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பார்த்தா?"

"அண்ணன் தம்பி நடுவுல சுவர் வச்சுக்கிட்டு இருக்கோம்னு எழுதிக்கிட்டுப் போவாங்க. வெளியாள் முன்னாடி நம்ம மானம் போகணுமா?"

"உனக்கு இப்பதான் மானம் ஞாபகம் வருதாக்கும்," என்றாள் பெரியவள். ஆனால் குரலில் சூடு இல்லை. ரசமட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். "கட்டத் தெரிஞ்சவருக்கு இடிக்கத் தெரியாதா?"

தம்பி ஏற்கெனவே எங்கிருந்தோ கடப்பாரையோடு வந்து நின்றிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். "நகருண்ணே. நீ கட்டினது, உனக்குக் கை வராது. நான் போடுறேன்."

இருட்டுவதற்குள் சுவர் இல்லை. செங்கல்லைக் கால்வாய் ஓரம் அடுக்கினார்கள். தரையில் இருந்த தழும்பை ரசமட்டம் சிமெண்டுப் பால் ஊற்றி மறைத்தார். சின்னவளுடைய அடுப்பைச் சாக்கில் சுற்றிப் பின்பக்கம் வைத்தாயிற்று. மறுநாள் காலையில் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே பானையில் உலை வைத்தார்கள். பிள்ளைகள் வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி ஓடிப் பார்த்தன. அவ்வளவு அகலமான வீடா இது என்று ரசமட்டத்துக்கே இருந்தது.

கணக்கெடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். கையில் தட்டுபோல ஒரு கருவி. வெயிலில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பெயர், வயது, தொழில், மொத்தம் எட்டுப் பேர் என்று தட்டிக்கொண்டே போனவள், "எத்தனை அடுப்பு?" என்று கேட்டாள்.

பெரியவள் நிமிர்ந்து நின்றாள். "எங்க வீட்ல என்னைக்கும் ஒரே அடுப்புதாம்மா."

அந்தப் பெண்ணின் விரல் அப்படியே நின்றது. அவள் கூடத்தின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருந்தது.

"அந்தப் பக்கம் கரியா இருக்கே?"

"அது வெந்நீர் போடுறது," என்றாள் சின்னவள் சட்டென்று.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தனித்தனியா சமைக்கிறது இல்லையா?"

"எதுக்கும்மா தனியா?" என்று பெரியவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "அண்ணன் தம்பி ஒத்துமையா இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அந்தப் பெண் ரசமட்டத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியை. இருவரும் தலையாட்டினார்கள். அவள் இன்னும் ஒரு நிமிஷம் நின்றாள். வாசலில் அவளுடைய மேலாள் ஒருவர், "ஆச்சா?" என்று கத்தினார். அவள் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

எதிர்வீட்டில் பூட்டுக்காரருடைய மகனும் மருமகளும் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் அப்போதுதான் வெளித்திண்டில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டுக்காரர் அதை மறைக்க முயன்றார், மருமகள் விடவில்லை. அந்த வாரமே அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஓர் அடுப்புக்கு ஒரு வீடு. அறிவிப்பு வந்தபோதுதான் தெரிந்தது. பூட்டுக்காரருக்கும் மகனுக்குமாக இரண்டு. ரசமட்டத்தின் எட்டுப் பேருக்கு ஒன்று, மூத்தவர் பெயரில்.

பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்தையும் தாண்டிப் போகவேண்டும் அந்தக் கட்டடங்களுக்கு. ஒரே மாதிரி, ஒரே நிறம். முதல் மாதம் பிள்ளைகள் அடிக்கடி அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டின. அவர்களுக்கு ஆறாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. லிஃப்ட் திறப்பு விழா வரைக்கும் ஓடியது. உள்ளே சுவர் எழுப்புவதோ இடிப்பதோ பூசுவதோ கூடாது, மீறினால் ஒதுக்கீடு ரத்து என்று கீழே பலகை வைத்திருந்தார்கள்.

முதல் பஸ் பிடித்து முச்சந்திக்குப் போனாலும், ஆள் எடுக்கிற லாரிகள் அதற்குள் போயிருக்கும். ரசமட்டம் பாதி நாள் போன வழியே திரும்பி வந்தார். தம்பியின் கடை இருந்த தெருமுனையே இல்லை. பழைய பக்கத்தில் யாரோ ஒருவர் கடையில் கூலிக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு, கடைசிப் பஸ்ஸில் வந்து, படுத்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டிப் போய் ஒரு மூலையில் சுருண்டுகொள்வான். ஒரு மாதத்திற்குள் சின்னவள் சாக்கிலிருந்து தன் அடுப்பை எடுத்துச் சமையலறையின் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டாள். இப்போது இரண்டு அடுப்பு எரிந்தது. எண்ண யாரும் வரவில்லை.

ஒருநாள் படிக்கட்டில் பூட்டுக்காரர் தம்பியை நிறுத்தினார். மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொல்லியிருப்பார். "உங்க அண்ணன் விவரமான ஆளுப்பா. முதல் நாள் சுவரை இடிச்சார், மறுமாசம் வீட்டைத் தன் பேர்ல வாங்கிட்டார்."

அன்று தம்பி சாப்பிடவில்லை. பிள்ளைகள் எல்லாம் கீழே விளையாடப் போயிருந்தபோது கேட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"எது?"

"அடுப்புக் கணக்கு."

ரசமட்டத்துக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார். "டேய், கடப்பாரையே நீதானடா பிடிச்ச."

"நான் பிடிச்சேன். எதுக்குன்னு தெரியாமப் பிடிச்சேன்."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"நீ ஊர்ல எல்லா மேஸ்திரியோடயும் பழகுறவன். இந்தக் கட்டடத்துக்கே ஆள் வந்திருக்கு உன் முச்சந்தியிலேர்ந்து. உன் காதுல விழாதா?"

"பேச்சைத் தொடங்கினதே உன் பொண்டாட்டிதான், தம்பி," என்றாள் பெரியவள் சமையலறையிலிருந்து.

"ஆமா, நான்தான் சொன்னேன். மானம் போகும்னு சொன்னேன்," என்று சின்னவள் அழ ஆரம்பித்தாள். "வீடு போகும்னு யாரு கண்டா?"

தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ இடிக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு எவளும் உன்ன மீறியிருக்க மாட்டா. நீதான் எதுவும் சொல்ல மாட்டியே."

தம்பிக்கு இரண்டாவது வீடு வாங்கிக் கொடுத்தால்தான் அவன் நம்புவான் என்று ரசமட்டத்துக்குத் தோன்றியது. வேறு எதுவும் செல்லாது. வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு நடந்தார். இரண்டு சமையல் நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேர் சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். சுலபம் என்று நினைத்தார். அவர்கள் சண்டையைக் கேட்காத காது அந்தத் தெருவில் இல்லை.

முதலில் பூட்டுக்காரரிடம் போனார்.

"சண்டை எல்லா வீட்லயும்தான் இருக்கும்," என்றார் பூட்டுக்காரர்.

"சுவர் இருந்துச்சே. நீங்க வந்து தட்டிப் பார்த்து, நல்லா எழுப்பியிருக்கப்பான்னு சொன்னீங்களே."

"நான் எப்பவும் வாசலோட நிக்கிறவன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "தப்பா எடுத்துக்காத. என் பையனுக்கு எப்படி வீடு வந்துச்சுன்னு உனக்கே தெரியும். அவங்க மறுபடி தோண்ட ஆரம்பிச்சா என் வீட்டுலதான் வந்து நிப்பாங்க. இங்க எல்லார் கதையும் அப்படித்தான். யார்கிட்டப் போனாலும் காது மந்தம்னுதான் சொல்லுவாங்க."

அப்படித்தான் சொன்னார்கள். ஒருத்தி, "நீங்க ரொம்ப ஒத்துமையான குடும்பமாச்சே," என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. பயம்.

சாட்சி இல்லாமலே குறை கேட்கும் நாளில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரிக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"இடத்தை வந்து பார்க்கலாம்னா அங்க இப்ப பார்க்க என்ன இருக்கு? நடைபாதை போட்டாச்சு. சாட்சியும் இல்லைங்கிறீங்க. அப்ப ஒரே வழிதான். கணக்கெடுப்புல நான் பொய் சொன்னேன்னு நீங்களே எழுதிக் கொடுங்க. மறுவிசாரணைக்கு எடுத்துக்கலாம்."

"எழுதிக் கொடுத்தா தம்பிக்குக் கிடைச்சுடுமா சார்?"

"விசாரணைக்கு அப்புறம்தான் சொல்ல முடியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உங்க ஒதுக்கீட்டை நிறுத்தி வைக்கணும். வீட்டைப் பூட்டிச் சீல் வைப்பாங்க. எவ்வளவு நாள்னு என்னைக் கேக்காதீங்க." வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் மேசையில் நகர்த்தி வைத்தார்.

ரசமட்டம் பேனாவை எடுத்தார். மேலே தேதி போட்டார். பெரிய பெண்ணுக்கு அந்த வீட்டைக் காட்டித்தான் ஒரு இடத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பெரியவள் குடிவந்த முதல் நாள் குழாயைத் திறந்து, வீட்டுக்குள்ளேயே வந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றது கண்ணுக்கு வந்தது. அந்த வீட்டுச் சுவரில் விரல் முட்டியால் தட்டினால் வெற்றுச் சத்தம் வரும். இருந்தாலும் அவர் பெயரில் வந்த முதல் சுவர் அது. இவனுக்கும் கிடைக்காமல், எனக்கும் இல்லாமல், எட்டுப் பேரும் எங்கே போவது? நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வி என்பதே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பக்கத்தில் தம்பி மூச்சுவிடுவது கேட்டது.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன் சார்," என்று பேனாவை மூடி வைத்தார்.

தம்பி சிரித்தான். "சுவரை இடிக்கும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கல சார் எங்க அண்ணன்."

திரும்பும் பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. தம்பி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டில் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெரியவளே, "என்ன சொன்னாங்க?" என்றாள். "அப்புறம் வரச் சொன்னாங்க," என்றார். அந்த வார இறுதியில் சின்னவள் பாத்திரங்களைக் கட்டினாள். தம்பிக்கு நகரத்தின் இன்னொரு ஓரத்தில், லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை கிடைத்திருந்தது. டயர் வேலைக்குப் பஞ்சமில்லாத இடம். பிள்ளைகள் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வர நின்றன. "வாங்க, வண்டி நிக்குது," என்று தம்பி படியிலிருந்தே கூப்பிட்டான். மேலே ஏறி வரவில்லை.

வீடு விசாலமாகிவிட்டது. பெண்கள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். பெரியவள் ஜன்னல் பக்கம் அலமாரிப் பலகை வைத்தாள். பெரிய பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், வீடு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரசமட்டம் இரவில் நடுக்கூடத்தில் கை காலை நீட்டிப் படுத்தார். எதுவும் இடிக்கவில்லை. தூக்கம்தான் வரவில்லை.

தம்பி போன் செய்யவில்லை. இவர் செய்தால் சின்னவள் எடுத்து, வேலையில் இருக்கிறார் என்பாள். இப்படி இரண்டு மழைக்காலம் போனது.

பிறகு ஒருநாள் மத்தியானம் தம்பியே கூப்பிட்டான். பேச்சு சாதாரணமாக இருந்தது. பிள்ளைகள் நலமா என்றான். பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்றான். பிறகு சொன்னான். தண்டவாளத்தின்மேல் பாலம் வருகிறதாம். கொட்டகைகளை எடுக்கப்போகிறார்களாம். கணக்கெடுக்க வந்திருந்தார்கள்.

"இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். அவங்க என் பேரைத் தட்டினாங்க. உனக்குத்தான் ஏற்கெனவே வீடு குடுத்தாச்சேன்னு சொல்லிட்டாங்க. ஆறாவது மாடி, எட்டுப் பேர்ல ஒருத்தன். மெஷின்ல இருக்கு."

"நான் வந்து சொல்றேன்டா," என்றார் ரசமட்டம். "நான் வந்து எழுதிக் குடுக்கிறேன்."

"வேணாம்." தம்பி லாரிச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினான். "அதுக்குக் கூப்பிடல. சும்மா கேக்கலாம்னு கூப்பிட்டேன். என் வீடு எப்படிண்ணே இருக்கு?"

அவர் கூடத்தைப் பார்த்தார். "மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணி இறங்குது," என்றார். "சுவர் பூரா ஈரம்."

"பூசிடேன்."

"பூசக் கூடாதாம்."

"சரி," என்றான் தம்பி. "பார்த்துக்க. எட்டுப் பேர் இருக்கிற வீடு."